நலமில்லை என்றால் 2 அனுப்பவும்

அக்கா,

இன்று காலை வல்லம் வடகாலில் ஒரு டீக்கடையில் நின்றேன். இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிய கடை. நம் ஆராய்ச்சியில் இருக்கிற ஒருவரிடமிருந்து மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரும் வழி. டீயைக் குடித்துவிட்டுக் காகிதக் கப்பை எங்கே போடுவது என்று பார்த்தேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, பாதி வரைக்கும் எச்சில் கப். அதன் முகப்பில் வெள்ளைப் பெயின்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள். என்.ஜி. கப்பைப் போடக் குனிந்தவள் போடாமல் நிமிர்ந்தேன்.

"அண்ணே, அதுல என்ன எழுதியிருக்கு?"

"என்ஜி மேடம். நாட் குட்டு. லைன்ல தேறாத பீஸ் போடற டப்பா. ஒடஞ்சி போச்சின்னு கம்பெனில தூக்கிப் போட்டாங்க, நான் எடுத்தாந்தேன். கப்பு போட ஆவுதுல்ல."

"எல்லா கம்பெனிலயும் இப்படித்தான் எழுதுவாங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ரோட்ல யாரக் கேட்டாலும் சொல்வாங்க மேடம். ஓகே, என்ஜி. ரெண்டே ரெண்டுதான்."

நீங்கள் கடைசியாக எனக்கு அனுப்பியவை மூன்று மெசேஜ்கள். மூன்றிலும் இந்த இரண்டு எழுத்துகள்தான். நான் அதை நைட் ஷிப்ட் என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆன பிறகு, எச்சில் கப் போடுகிற தொட்டியைப் பார்த்து எனக்கு அர்த்தம் தெரிகிறது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பார்களே, கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அப்படித்தான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு இடங்களுக்குப் போய் வந்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

உங்களை முதன்முதலில் பார்த்தது மண்ணூர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் போட்ட முகாமில். சர்க்கரை நோய்க்கு வந்த புது மாத்திரை ஒன்றை, அதைச் சாப்பிடச் சம்மதிப்பவர்களுக்கு ஒன்றரை வருடம் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி. சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது. நீங்கள் சின்ன பெஞ்சில் காலை ஒடுக்கி உட்கார்ந்துகொண்டு, சம்மதப் படிவத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தீர்கள். அன்றைக்கு வந்த யாரும் அதைப் படிக்கவில்லை. எங்கே கையெழுத்து என்று கேட்டார்கள், போட்டார்கள், பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் மட்டும் பேனாவை எடுத்துக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தீர்கள்.

"சிஸ்டர், இதுல 'ஏற்படக்கூடும்'னு எத்தினி எடத்துல போட்டுகீறீங்க தெரியுமா? ஏற்படுமா ஏற்படாதா, அத்த சொல்லு."

"நான் சிஸ்டர் இல்லக்கா. போன் பண்றது, மெசேஜ் அனுப்பறது, அந்த வேலை."

"கையில ஆஸ்பத்திரி பைலு கீதுல்ல. அப்ப சிஸ்டர்தான்."

எனக்குக் கோபம் வந்தது. வெயில் வேறு. வரிசையில் இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள், இந்த அம்மா வாத்தியார் வேலை பார்க்கிறாரே என்று மனசுக்குள் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, உங்கள் வேலையே அதுதான் என்று. ஒரகடம் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் லைனில் கடைசி ஆள் நீங்கள். கார் எஞ்சினுக்குப் போகிற ரப்பர் வளையங்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டைவிரலால் ஒரு சுற்று சுற்றுவீர்கள். பிசிறு தட்டினால் தள்ளிவிடுவீர்கள். பத்து வருடமாக அதையே செய்து உங்கள் கை எதைத் தொட்டாலும் அந்தச் சுற்றைச் சுற்றியது. எங்கள் ஆபீசில் தண்ணீர் கொடுத்தால் டம்ளரின் விளிம்பை ஒருமுறை தடவிவிட்டுத்தான் குடிப்பீர்கள். நான் போட்டிருந்த சுடிதாரில் கைப்பக்கத் தையல் விட்டிருப்பதை எனக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

"கண்ணு ஏமாந்துடும் சிஸ்டர். கை ஏமாறாது" என்பீர்கள்.

மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் மாடி ஆபீசுக்கு வருவீர்கள், ரத்தம் எடுக்க. எடுத்த பிறகு உடனே கிளம்ப மாட்டீர்கள். டீ வாங்கி வரச் சொல்லிச் சர்க்கரை இல்லாமல் குடித்துக்கொண்டு, என் டிபன் பாக்சைத் திறந்து பார்த்து, "இத்த துன்னுட்டு எப்டி சிஸ்டர் உயிரோட கீறே" என்று கேட்பீர்கள். ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, இந்தப் பக்கமெல்லாம் முன்பு வயலாக இருந்ததாமே, பாவம் என்று நான் ஏதோ சொல்லிவைத்தேன். உங்களுக்கு முகம் மாறிவிட்டது. "வயல்ல குனிஞ்சி நின்னது எங்கம்மா. இடுப்பு ஒடஞ்சுதான் போய்ச் சேந்துச்சு. நான் ஃபேனுக்கு அடில நிமிந்து நிக்கறேன். எனக்கு இது போதும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் வேலையைப் பற்றி உங்களிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் பாதியில் நின்றுவிடக் கூடாது. நின்றால் எல்லாம் வீண். அதனால் அவர்களை விடாமல் பிடித்துவைக்க ஒரு ஆள் வேண்டும், அது நான். என் கையில் கொடுத்த கயிறு, மெசேஜ். தினமும் காலை ஐந்தரைக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் அனுப்பிவிடும். ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும், கேட்டில் போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள், அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று அந்த நேரம். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் எழுதிக்கொடுத்தவள் நான்தான். வணக்கம். இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டீர்களா? நலமாக இருக்கிறீர்களா? நலம் என்றால் 1 அனுப்பவும். நலமில்லை என்றால் 2 அனுப்பவும். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

முதல் பத்து நாள் உங்களிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. போன் செய்து கத்தினேன்.

"ஏன்க்கா பதில் போட மாட்டேங்கறீங்க? மாத்திரை சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்புடாம இன்னா. ஆனா இன்னா மெசேஜ் சிஸ்டர் அது? ஒன்னா ரெண்டான்னு! ஸ்கூல்ல டீச்சர் கேக்கறா மாரி. ஒன்னுக்கா ரெண்டுக்கான்னு. பஸ்ல பக்கத்துல குந்திகினு கீற பொண்ணு எட்டிப் பாத்துட்டு அப்டி சிரிக்குது. நான் ரெண்டுன்னு போட்டா, அப்புறம் லைன் பூரா என்ன வெச்சி சிரிப்பாளுங்க."

நானும் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நானும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு விரலையும் இரண்டு விரலையும் தூக்கிக் காட்டி வளர்ந்தவள்தான். ஆங்கிலத்திலிருந்து மாற்றுகிற மும்முரத்தில் அது என் மண்டையில் ஏறவே இல்லை. மேலதிகாரிகளிடம் சொன்னேன். இந்த வாசகத்துக்கு, ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற கமிட்டியிடம் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து போக வேண்டும், பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் நானே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். என்னால் அதைத்தான் மறக்க முடியவில்லை. "அக்கா, ஒன்னுன்னு போட வேணாம். ஓகேன்னு போடுங்க. நான் இங்க மாத்திக்கறேன்" என்றேன்.

"ஆங். அது எங்க லைன் பாஷ. ஓகே போடறேன்."

அவ்வளவுதான் பேசினோம். நன்றாக இல்லையென்றால் என்ன போட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்குத்தான் புரிகிறது. உங்களுக்கு அது கேட்க வேண்டிய விஷயமே இல்லை. ஓகே இல்லையென்றால் அடுத்தது எது என்று அந்த ரோட்டில் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்குத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரில் நடப்பது இதுதான். 1 வந்தால் அதுவே குறித்துக்கொள்ளும். 2 வந்தால் அடுத்த நிமிடம் டாக்டருடைய போன் அடிக்கும். வேறு என்ன எழுத்து வந்தாலும் என் திரையில் மஞ்சள் கோடாக வந்து நிற்கும், நான் பார்த்து இது ஒன்று, இது இரண்டு என்று போட வேண்டும். உங்கள் ஓகே தினமும் மஞ்சளில் வரும், நான் ஒன்று என்று தட்டிவிடுவேன். நீங்கள் பஸ்ஸில் சொல்லி, அதில் வருகிற எங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் ஓகேவுக்கு மாறினார்கள். பிறகு அவரவர் இஷ்டம். வேலைக்குப் போகிறேன், அப்புறம் பேசு என்பதற்கு ஜி.எஸ். என்று போட்டார்கள், ஜெனரல் ஷிப்ட். ஏ ஷிப்டுக்கு ஏ என்றும் பி ஷிப்டுக்கு பி என்றும் தனி எழுத்தாக வந்தது. என்.எஸ். என்று போட்டால் நைட் ஷிப்ட். எனக்கு எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன். மாதக் கூட்டத்தில், ஒருவர் விடாமல் பதில் போடுகிற ஊர் மண்ணூர்தான் என்று என்னைப் பாராட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

உங்கள் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை காலை உங்களிடமிருந்து முதல் என்.ஜி. வந்தது. நான் ஆபீசுக்கு வந்து பார்க்கும்போது ஒன்பதரை. ஒரு நொடி யோசித்தேன். முதலில் வருகிற 'என்' நைட், 'ஜி' ஜெனரல், ஏதோ புது ஷிப்ட் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, "நைட் ஷிப்ட், பிறகு அழைக்க" என்று பக்கத்தில் எழுதி, பதில் வந்தது என்று குறித்தேன். புதன்கிழமையும் அதே. வியாழக்கிழமை காலையில் பதிலே இல்லை, மதியம் ஒன்று பத்துக்கு வந்தது. இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கி இப்போதுதான் எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். தூங்குகிற ஆளைப் போன் செய்து எழுப்பக் கூடாது என்று கூப்பிடவும் இல்லை. அக்கறையாம்.

ஒருமுறை நான் உங்களைக் கேட்டிருக்கிறேன், பிசிறா இல்லையா என்று கைக்கே சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. "டவுட்டு வந்தா ஓகே கெடையாது சிஸ்டர். தள்ளிடணும். அது யாரு காருக்குப் போவுதோ" என்றீர்கள். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை டவுட்டு வந்தது, அக்கா. ஒரு நொடிதான், ஆனால் வந்தது.

அந்த மூன்று நாளும் நீங்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரில் அளவு சரியாகத்தான் காட்டியிருக்கும். இந்த மாதிரி மாத்திரைகளில் எப்போதாவது அப்படி ஆகும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். சர்க்கரை ஏறாது, ஆனால் ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டே போகும். வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, கடைசியில் மூச்சு வாங்கும். முதல் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த புத்தகத்திலும் இருந்தது, நீங்களும் படித்திருந்தீர்கள். வாந்தி என்றால் உடனே தெரியப்படுத்தவும் என்று இருந்தது. தெரியப்படுத்திவிட்டு சிஸ்டர் கூப்பிடும் என்று காத்திருந்தீர்கள். லீவு போட்டால் கான்ட்ராக்டில் பெயர் போய்விடும் என்று வேலைக்கும் போனீர்கள். வியாழன் மதியம் இரண்டரைக்கு லைனில் நின்றபடியே சரிந்தீர்கள். சனிக்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டில் கிடத்தியிருந்தபோது உங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் டெம்போ ஓட்டிக்கொண்டு ஓசூர் போய் வெள்ளிக்கிழமைதான் திரும்பியிருந்தார். "மூணு நாளா வாந்தி எடுத்துக்கினு இருந்துகீறா. யாரண்டயும் ஒரு வார்த்தை சொல்லல. கல்லு மாரி இருந்துட்டா. எங்கள ஆளாவே மதிக்கல." அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. உங்கள் மகள் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரம் அவளுக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு.

காரியத்துக்கு நான் வந்தபோது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா உங்ககிட்டயாச்சும் எதுனா சொன்னாங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது பொய்தான். அதே பொய்யைப் படிவத்திலும் எழுதினேன். ஆராய்ச்சியில் இருப்பவர் இறந்துபோனால் நிரப்ப வேண்டிய படிவம். உடல்நலக் குறைவைப் பங்கேற்பாளர் முன்கூட்டித் தெரிவித்தாரா என்று ஒரு கேள்வி. இல்லை என்று போட்டேன். அறிகுறிகளை மறைத்திருக்கலாம் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன், என் கையால். உங்கள் டப்பாவில் இருந்தது நிஜ மாத்திரைதான் என்று பிறகு தெரிவித்தார்கள். மரணத்துக்கும் மருந்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும், இல்லாமலும் இருக்கக்கூடும் என்று முடிவு எழுதி, பைலை மூடிவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் அதன் கீழேயும் கோடு போட்டிருப்பீர்கள்.

இன்றைக்கு டீக்கடையிலிருந்து நேராக ஆபீசுக்குப் போனேன். பழைய மெசேஜ்களைத் திறந்து பார்த்தேன். இருந்தது. எதுவும் அழியவில்லை. மூன்று மஞ்சள் கோடுகள், பக்கத்தில் நான் எழுதிய நைட் ஷிப்ட். இன்று சனி, டாக்டர் வருகிற நாள். உங்களுக்கும் தெரிந்தவர்தான். அவர் முன்னால் போய் நின்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீங்க வேணும்னு பண்ணலியேம்மா" என்றார்.

"அது அக்காவுக்குத் தெரியாதே சார்."

"எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்பறேன். ஆனா அவங்க வீட்டுக்கு நீங்களா போகாதீங்க. கமிட்டி பார்த்து, முறைப்படி என்ன சொல்லணுமோ அவங்க சொல்லுவாங்க."

எழுதிக்கொடுத்தேன். தெரிவித்தாரா என்ற கேள்விக்கு எதிரே, ஆம், மூன்று முறை என்று எழுதினேன். மறைத்திருக்கலாம் என்ற வரியை அடித்துவிட்டு, பதிலைத் தவறாகப் படித்தவர் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை போகலாம். போகட்டும், அதற்கெல்லாம் எனக்கு இப்போது பயம் வரவில்லை. டாக்டர் நல்ல மனிதர், அவர் சொன்ன முறையும் சரியான முறைதான். ஆனால் அவர்கள் பார்க்கலாம் என்று ஆரம்பித்தால் எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும். அத்தனை மாதமும் உங்களைக் கல் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்று மெசேஜையும் தேதியோடும் நேரத்தோடும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மண்ணூருக்குப் பஸ் ஏறினேன்.

உங்கள் வீட்டுக்காரர் பனியனோடு வந்து கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். உங்கள் மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாள், இன்று லீவு, துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அக்கா மூன்று நாளும் எனக்குத் தெரிவித்தார்கள், என்.ஜி. என்று போட்டார்கள், எனக்கு அர்த்தம் தெரியவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை, அவர்கள் மறைக்கவில்லை, தப்பு என்னுடையது.

என்.ஜி. என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு எட்டு மாதம் ஆனது அவருக்கு ஒரு நொடி ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"எட்டு மாசமா அவள திட்டிக்கினு கீறேன் சிஸ்டர். போட்டோவுக்கு எதுக்கால நின்னுகினு திட்டறேன். வாய்ல இன்னாடி புண்ணு உனக்குன்னு." என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அடித்திருக்கலாம்.

உங்கள் மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். மூன்று வரிதான், ஆனால் ஒரு பக்கம் படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"ஒன்னு பத்து. இது சாப்பாட்டு டைம். லாக்கர்ல இருந்து போன எடுக்கணும்னா சூப்பர்வைசர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு கேட் வரைக்கும் நடக்கணும். அம்மா நடந்து போய்ப் போட்டுகீது."

நான் அதை யோசித்ததே இல்லை. மதியம் ஒன்று பத்து என்றால் எனக்குத் தூங்கி எழுந்த நேரம். அவளுக்கு, மூச்சு வாங்கிக்கொண்டு கேட் வரை நடந்த அம்மா.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். அதைவிடப் பெரிய வார்த்தை தமிழில் எனக்குத் தெரியவில்லை.

அவள் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அம்மா ஏன் என்கிட்ட சொல்லாம உங்ககிட்ட சொல்லிச்சு தெரியுமா ஆன்ட்டி? காலைல மெசேஜ் சத்தம் வந்ததும் எழுந்திடும். 'சிஸ்டர் கேக்குது பாரு'ன்னும். பல்லு கூட வெளக்காது, மொதல்ல பதில் போடும். 'இந்த வூட்ல யாருனா என்ன எப்டி கீறேன்னு கேக்கறீங்களா? அந்தப் பொண்ணு தெனம் கேக்குது, ஒரு நாள் கூட மறக்கல'ன்னு சொல்லும். நான் எரிச்சலாகிப் போர்வைய இழுத்துப் போத்திப்பேன்." மடித்திருந்த துணியைத் தள்ளி வைத்தாள். "நீங்க கேட்டீங்க. அதனால உங்களுக்குச் சொல்லிச்சு. நாங்க கேக்கல."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்ல வந்தவள்தானே, இதையும் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவளிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அம்மாவை உலகத்தில் ஒரு ஆளாவது தினமும் விசாரித்தது என்பது மட்டும்தான். அதை எப்படிப் பிடுங்குவது? வாயை மூடிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அவள் கதவருகில் வந்து, பாத்துப் போங்க ஆன்ட்டி என்றாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு நான் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன். உங்களை விசாரித்தது கம்ப்யூட்டர். மாதாமாதம் நேரில் கேட்டதும் படிவத்தில் அச்சடித்திருந்த கேள்வியைத்தான். என் தையல் விட்டதை நீங்கள் பார்த்தீர்கள், நான் சாப்பிடுகிறேனா என்று டிபன் பாக்சைத் திறந்து பார்த்தீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று, பதில் தெரிந்தாக வேண்டும் என்பதற்காக, நான் உங்களை ஒரு நாளும் கேட்டதில்லை, அக்கா.